நெளியும் இடத்தில் ஒரு கோடு

கேள்வி: ஏழு வருடமாக ஒரு நிறுவனத்தில் விளம்பர வாசகங்களும் கட்டுரைகளும் எழுதும் வேலையில் இருக்கிறேன். வார இறுதிகளில் ஒரு சிறுவர் நாடகக் குழுவுக்கு எழுதிக் கொடுக்கிறேன். இதுவரை மூன்று பிரதிகள், மூன்றுமே பழைய இலக்கியங்களிலிருந்து எடுத்தவை. இப்போது சிலப்பதிகாரத்தை எட்டு வயதுக்காரர்களுக்கு 50 நிமிட நாடகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்ட ஒரு தமிழாசிரியர், ‘காப்பியத்துக்கு இது அநியாயம்’ என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கை ஓடவில்லை. இன்னொன்று, சென்ற நாடகத்தின் அழைப்பிதழில் இயக்குநர் பெயர் மட்டும் இருந்தது. கேட்டால், ‘கதை பழசுதானே’ என்கிறார்கள். இந்த நிலையில் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா? வரைவை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வரைவைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முதல் காட்சியில் கதையை அறிமுகப்படுத்த வரும் கட்டியங்காரன் இரண்டரைப் பக்கம் பேசுகிறார். புகாரின் செல்வம், துறைமுகம், வணிகர் குடி, கல்யாண ஊர்வலம் என்று எல்லாம் வருகிறது. தகவலில் ஒரு பிழை இல்லை. ஆனால் அந்த இரண்டரைப் பக்கத்தை நீங்கள் அந்தத் தமிழாசிரியருக்காக எழுதியிருக்கிறீர்கள். முன்வரிசையில் உட்காரப்போகிற எட்டு வயதுக்காரி அதில் எங்கேயும் தென்படவில்லை.

என் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். புது நாடகத்தின் முதல் நாலைந்து நிகழ்ச்சிகளுக்கு நான் மேடையைப் பார்த்து உட்காருவதில்லை. பக்கவாட்டில், பிள்ளைகளின் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து, மடியில் பிரதியும் கையில் பென்சிலுமாக உட்காருவேன். ஒரு பிள்ளை நெளிந்தால் விட்டுவிடுவேன்; அது காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம். எட்டுப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் நெளிந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கோடு. பக்கத்துப் பிள்ளையிடம் ‘இது யாரு?’ என்று கேட்டால் ஒரு கேள்விக்குறி. மூச்சு விடாமல் பார்த்தால் ஒரு வட்டம். பெரியவர்களுக்குச் சலித்தால் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளிடம் அந்த மரியாதை கிடையாது, நமக்கு அது பெரிய உபகாரம். இருபது வருடத்தில் எனக்கு வந்த விமர்சனங்களில் இந்தக் கோடுகள் அளவுக்கு உபயோகமான எதுவும் இல்லை.

சரி, அநியாயம் என்ற சொல்லுக்கு வருவோம்.

சிலப்பதிகாரத்தின் பதிகத்தை, அதாவது நூலின் முகவுரையை, திரும்பப் படித்துப் பாருங்கள். குன்றக் குறவர் கண்டதை வந்து சொல்கிறார்கள், புலவர் சாத்தனார் நடந்ததை விவரிக்கிறார், அப்புறம்தான் இளங்கோ அதைப் பாட்டுடைச் செய்யுளாக்குகிறேன் என்கிறார். அவருக்கே அது காதில் விழுந்த கதை. உ.வே.சாமிநாதையர் 1892-இல் அதை அச்சில் கொண்டுவருவதற்கு முன்பும் கோவலன் கதை கூத்தாகவும் அம்மானைப் பாட்டாகவும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எனவே மறுபடி சொல்வதில் அநியாயம் எதுவுமில்லை. அநியாயம் நடக்கிற இடம் வேறு. உங்கள் வரைவில் அது இரண்டு இடங்களில் நடக்கிறது.

முதலாவது, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளப் பார்த்தது. நூலில் முப்பது காதை, அதாவது முப்பது அத்தியாயம். உங்களிடம் இருப்பது 50 நிமிடம். சமமாகப் பங்கு போட்டால் ஒரு காதைக்கு ஒன்றே முக்கால் நிமிடம்கூட வராது. இந்திர விழாவையும் கானல்வரியையும் இரண்டு நிமிடத்தில் காட்டுவதைவிட, காட்டாமல் விடுவதுதான் அவற்றுக்குச் செய்கிற மரியாதை. அந்த எட்டு வயதுக்காரி வளர்ந்த பிறகு நூலைத் திறந்து பார்க்கட்டும், அப்போது புதிதாகக் கிடைக்கட்டும்.

எதை வைத்துக்கொள்வது? நான் தேடுவது ஒரு விஷயத்தைத்தான்: அந்த வயதுப் பிள்ளை தன் வீட்டிலேயே அனுபவித்திருக்கக்கூடிய ஒரு நியாயம் அல்லது அநியாயம். தம்பி உடைத்ததற்குத் தான் அடி வாங்கிய பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ‘என்னை ஏன் கேட்கவே இல்லை?’ என்பது எட்டு வயதின் ஆகப்பெரிய குமுறல். கண்ணகி அரசவையில் நியாயம் கேட்கிற வழக்குரை காதையின் மையமும் அதேதான். பாண்டியன் ஏன் விசாரிக்கவில்லை என்று நூலில் பாருங்கள். ஊடிப் போன தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான், வழியில் பொற்கொல்லன் வந்து சொல்கிறான், நின்று கேட்க நேரமில்லை. அவசரத்தில் இருக்கிற பெரியவர்! இவரை அந்தப் பிள்ளைக்கு நாம் அறிமுகப்படுத்தவே வேண்டாம், தினமும் பார்க்கிறது. உங்கள் வரைவில் அரசன் சிம்மாசனத்தில் அமர்ந்து சாவகாசமாக மரண தண்டனை விதிக்கிறார். நூலில் இருந்த அருமையான ஒன்றைத் தூக்கிவிட்டு, சினிமாவில் பார்த்த ஒன்றை வைத்திருக்கிறீர்கள். அவனை நடக்கவிடுங்கள். பொற்கொல்லன் பின்னாலேயே ஓடட்டும்.

அந்த மையத்தைப் பிடித்தபின் பின்பக்கமாக நடந்து வாருங்கள். கண்ணகி சிலம்பை உடைக்கும்போது பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஜோடிச் சிலம்புகள் உண்டு. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ராணியினுடையதில் முத்து. ஒன்றைத் திருடியவன் யார் என்பது பிள்ளைக்குத் தெரியும், ராஜாவுக்குத் தெரியாது. இவ்வளவுதான். இதற்கு உதவாத எதுவும் முதல் முப்பது நிமிடத்தில் இருக்கக் கூடாது. உங்கள் பிரதியில் ‘உள்ளே பரல்’ என்று சிலம்புக்குள் இருக்கும் மணிகளைப் பற்றிய பேச்சே கடைசிக் காட்சியில்தான் வருகிறது. அதற்குள் பாதிப் பேர் நெளிந்திருப்பார்கள், மீதிப் பேர் பரல் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாடகத்தின் முதல் சத்தமே சிலம்பின் சத்தமாக இருக்கட்டும். கண்ணகி கழற்றுகிறாள், குலுக்குகிறாள், காதருகே வைத்துக் கேட்கிறாள், ஒன்றும் சொல்லாமல் சிரிக்கிறாள். உள்ளே என்ன என்று பிள்ளை முப்பத்தைந்து நிமிடம் காத்திருக்கும். உடைந்து சிவப்பு மணி தெறிக்கிற அந்த நொடிக்குப் பக்கத்தில் எனக்கு எப்போதும் வட்டம்தான்.

என் சிலப்பதிகார நாடகத்தில் ஒரு தடவை அந்த மணி ராஜாவின் பக்கம் போகாமல் மேடைக்குக் கீழே உருண்டு முன்வரிசைக்குப் போய்விட்டது. ஒரு பெண் குழந்தை அதை எடுத்துத் தூக்கிப் பிடித்து, ‘செகப்பு! செகப்பு! அவங்களோடதுதான்!’ என்று கத்தினாள். ராஜாவாக நடித்தவர் நல்ல நடிகர். எழுந்து மேடை விளிம்புக்கு வந்து, அவள் கையிலிருந்து மணியை வாங்கி, அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். தீர்ப்பைச் சொன்னவள் அவள்தானே. அடுத்த நிகழ்ச்சியிலிருந்து மணியை வேண்டுமென்றே கீழே உருட்டிவிட்டோம்.

இரண்டாவது அநியாயம் மாதவி. அவளுக்கு நீங்கள் கறுப்புச் சேலை கட்டி, கேலிச் சிரிப்பு கொடுத்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு நல்லவர் கெட்டவர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற பயத்தில் செய்தது என்று புரிகிறது. மாதவியை வில்லியாக்கினால் தமிழாசிரியர் சொன்னது உண்மையாகிவிடும். இப்படிச் சொன்னால் போதும்: ‘கோவலன் வீட்டை விட்டுப் போய் வேறொரு வீட்டில் இருந்தான். பணம் முழுக்கத் தீர்ந்தது. திரும்பி வந்தான். கண்ணகி ஒன்றும் கேட்கவில்லை.’ நாலு வாக்கியம், ஒரு பொய் இல்லை. இப்படிப்பட்ட வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் நாடகம் பார்க்க வருகிறார்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

கோவலன் கொலையை மேடைக்கு வெளியே வைத்தது சரி. விளக்கு அணைந்து சிலம்பு மட்டும் விழுகிற சத்தம் போதும். ஆனால் மதுரை எரிவதை நீங்கள் வெட்டிவிட்டீர்கள். பயப்படுவார்கள் என்றா? நானும் ஒரு காலத்தில் அதையேதான் நினைத்தேன். பிறகு தயங்கித் தயங்கி ஒரு சிவப்புத் துணியை வைத்துக் காட்டினோம். காட்சி முடிந்ததும் ஒரு பையன் என் சட்டையை இழுத்து, ‘அங்க இருந்த சின்னப் பிள்ளைங்க எல்லாம் என்ன ஆச்சு?’ என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து வஞ்சின மாலையை எடுத்துப் பார்த்தால், கண்ணகி நெருப்புக்கடவுளிடம் யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று சொல்கிற பட்டியலில் ‘மூத்தோர் குழவி’ என்று தெளிவாக இருக்கிறது. எத்தனை தடவை படித்த இடம்! அந்தப் பையன் கேட்கும்வரை குழவி என்ற சொல் என் கண்ணில் படவில்லை. மறுநாளே அதைப் பிரதியில் சேர்த்தேன். ‘குழந்தைகளைத் தொடாதே’ என்று அவள் தீயிடம் சொல்கிறபோது அரங்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். உங்கள் தமிழாசிரியர் அடுத்த தடவை ஏதாவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கேள்வி நம்மை நூலுக்குள் இன்னும் ஆழமாகத்தான் அனுப்புகிறது.

இந்த மாதிரித் திருத்தம் பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. பறக்கும் சிறுவனைப் பற்றிய ஜே. எம். பாரியின் ‘பீட்டர் பான்’ நாடகம் 1904-இல் லண்டனில் மேடையேறியது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன குழந்தைகள் கட்டிலிலிருந்து பறக்க முயன்று அடிபட்டுக்கொண்டார்கள். பெற்றோர்கள் அவரிடமே வந்து கேட்க, தேவதைத் தூள் மேலே விழுந்தால்தான் பறக்க முடியும் என்று ஒரு விதியைப் பிற்பாடு சேர்த்தார். 1928-இல் நாடகம் புத்தகமாக வந்தபோது அதன் முன்னுரையில் அவரே இதை எழுதியிருக்கிறார். இன்று அந்தத் தூள் இல்லாமல் அந்த நாடகத்தை நினைத்துப் பார்க்க முடியுமா?

மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘கூறுவாயாக’, ‘யாது காரணம்’ எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அது சங்கத் தமிழும் இல்லை, வாய்த் தமிழும் இல்லை. நடிகர் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய நீளத்துக்கு மேல் வாக்கியம் போகக் கூடாது. மூலத்திலிருந்து ஒன்றிரண்டு வரிகளை மட்டும் அப்படியே வையுங்கள். ‘தேரா மன்னா’ கட்டாயம் வேண்டும். அர்த்தம் விளக்காதீர்கள். நடிகை சொல்கிற விதத்திலேயே புரிந்துவிடும். மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படித் திட்டிக்கொள்வார்கள், அதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்று. உங்கள் பிரதியில் பத்தொன்பது பாத்திரங்கள். குழுவில் எத்தனை பேர்? சுற்றுப்பயணம் போகிற குழு என்றால் ஐந்து பேர், ஆறு பேர் இருப்பார்கள், ஒரு வண்டியில் ஆளும் சாமானும் அடங்க வேண்டும். யார் எந்த இரண்டு வேடம் கட்டுவது, உடை மாற்ற எத்தனை நொடி, அதற்குள் மேடையில் என்ன நடக்கிறது என்பதை எழுதும்போதே தீர்க்க வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் பாட்டு. இந்தக் கணக்கு தெரிந்த எழுத்தாளரைக் குழுக்கள் திரும்பத் திரும்பக் கூப்பிடும். கவித்துவம் இருக்கிறதா என்பதை அப்புறம்தான் பார்ப்பார்கள்.

இனி அழைப்பிதழ். ‘கதை பழசுதானே’ என்பது இந்தத் தொழிலில் ரொம்பப் பழைய வசனம். ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சிறுவர்களுக்காகக் கதைகளாக்கிய புத்தகம் ஒன்று 1807-இல் வந்தது, இன்றுவரை அச்சில் இருக்கிறது. அதில் உள்ள இருபது கதைகளில் பதினான்கை எழுதியவர் மேரி லாம். முதல் பதிப்பின் முகப்பில் இருந்தது தம்பி சார்லஸ் பெயர் மட்டும். எனக்கும் நடந்தது. ஆரம்பத்தில் வாய்ப்பேச்சை நம்பி ஒரு குழுவுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து வேறு ஒரு தலைப்பில், வேறு ஒருவர் பெயரில், என் பாட்டுகளோடு அது ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சண்டை போடவும் முடியவில்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மூலக்கதை பொதுச்சொத்து. அதை வைத்து நீங்கள் எழுதிய காட்சி அமைப்பும் வசனமும் பாட்டும் உங்களுடையவை. அதே சட்டம் உங்களையும் கட்டுப்படுத்தும், அதையும் பாருங்கள். இளங்கோவிடம் யாரும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் நீங்கள் கதை தெரிந்துகொள்ளப் பயன்படுத்திய உரைநடை நூல் சமீபத்தில் எழுதப்பட்டது என்றால், அதன் ஆசிரியர் சொந்தமாகச் சேர்த்த உரையாடல், கிளைக்கதை எதையும் எடுக்கக் கூடாது. மொழிபெயர்ப்புக்கும் இதே விதி. மூலம் நூறு வருடம் பழையதாக இருக்கும், மொழிபெயர்ப்பாளர் இன்னும் உயிரோடு இருப்பார். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் உரிமை நிற்கும். இந்தியாவில் 60, வேறு பல நாடுகளில் 70. நாடகம் வெளிநாட்டுக்குப் போகும் வாய்ப்பிருந்தால் நீளமான கணக்கையே பாருங்கள்.

ஒப்பந்தம் என்றதும் வக்கீலும் முத்திரைத்தாளும் நினைவுக்கு வந்து பயம் வேண்டாம். ஒரு பக்கம் போதும். எழுத்துக்கான தொகை எத்தனை தவணையில், எப்போது: கையெழுத்திடும்போது ஒன்று, முதல் வரைவுக்கு ஒன்று, ஒத்திகைப் பிரதிக்கு ஒன்று என்று நான் வாங்குகிறேன். பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ராயல்டி. டிக்கெட் விற்கிற இடத்தில் வசூலில் ஒரு பங்கு, பள்ளிகளில் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. உரிமை எத்தனை வருடத்துக்கு, எந்த மொழியில்? வீடியோ எடுத்து இணையத்தில் போடுவது தனிப் பேச்சு, மேடை உரிமையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். புத்தகமாக அச்சிடும் உரிமை உங்களிடமே இருக்கட்டும். வசனத்தை மாற்றினால் உங்களிடம் கேட்க வேண்டும். அழைப்பிதழ், சுவரொட்டி, அறிவிப்பு மூன்றிலும் பெயர். பெயர் விஷயத்தைப் பணத்துக்கு முன்னால் பேசுங்கள். பணம் பேசி முடிந்த களைப்பில் பெயரை விட்டுக்கொடுக்கத் தோன்றும்.

இந்தக் குழுவிடம் கோபத்தோடு போக வேண்டாம். ‘அடுத்த பிரதியிலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். நல்லவர்களாக இருந்தால் கூச்சப்பட்டுச் சம்மதிப்பார்கள். மறுத்தால் சிலம்பை வேறு குழுவுக்குக் கொண்டுபோங்கள்.

வேலையை விடலாமா? இப்போது வேண்டாம். திறமையைப் பற்றிய சந்தேகத்தில் சொல்லவில்லை, உங்கள் பொற்கொல்லன் பேசுகிற இடங்கள் எனக்குப் பொறாமையாக இருந்தன. வருமானத்தின் கதியைப் பார்த்துச் சொல்கிறேன். புதுப் பிரதிக்கு வரும் தொகை ஒரு தடவைதான் வரும். இந்தத் தொழிலில் சாப்பாடு போடுவது, எழுதி நாலு வருடம் ஆன பிரதி நாற்பதாவது தடவை நடிக்கப்படுவதுதான். பீட்டர் பானின் உரிமையைப் பாரி 1929-இல் லண்டனில் உள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். பதிப்புரிமைக் காலம் முடிந்த பிறகும் அந்த ராயல்டி நிற்காதபடி 1988-இல் பிரிட்டனில் சட்டத்திலேயே தனியாக இடம் செய்தார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்றாலும், பிரதி நடக்க நடக்கத்தான் காசு என்ற கணக்கு ஒன்றுதான். உங்களிடம் மூன்று பிரதி இருக்கிறது, மூன்றும் ஒரே குழுவிடம், ஒப்பந்தம் இல்லாமல். ஒப்பந்தத்தோடு ஐந்தாறு பிரதிகள், குறைந்தது இரண்டு மூன்று குழுக்களிடம், வேறு வேறு வயதுக்கு என்று ஆன பிறகு இதே கேள்வியைக் கேளுங்கள். இடையில் பள்ளிகளில் நாடகப் பட்டறை நடத்தக் கற்றுக்கொள்ளுங்கள். என் வருமானத்தில் கணிசமான பங்கு அதிலிருந்துதான் வருகிறது. அங்கே சம்பளத்தோடு பிள்ளைகளைப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்கவும் முடிகிறது. தேர்வு மாதங்களில் ஒரு அழைப்பும் வராது, அந்த மாதங்களுக்கு முன்னதாகவே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இப்போதைய வேலையில் வாரத்துக்கு ஒரு பகல் விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஒத்திகையில் உட்காராத நாடகாசிரியருக்கு இந்தத் தொழில் கைவராது, ஒத்திகை பெரும்பாலும் பகலில்தான்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: கட்டியங்காரனின் இரண்டரைப் பக்கத்தை ஒரு உறையில் போட்டுத் தனியே வையுங்கள். சிலம்புச் சத்தத்தோடு தொடங்குகிற காட்சியையும், நடந்துகொண்டே தீர்ப்புச் சொல்கிற அரசனின் காட்சியையும் புதிதாக எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கவாட்டில் பென்சிலோடு உட்காருங்கள். பிறகு அந்தப் பிரதியை எனக்கு அனுப்புங்கள். திருத்தி, தட்டச்சு செய்த சுத்தப் பிரதி வேண்டாம், கோடு போட்டதையே அனுப்புங்கள்.